அவிநாசியா? அவிநாசிபாளையமா? கிரிப்டோ வாலட் அட்ரஸில் ஏமாறாமல் இருப்பது எப்படி?

திருப்பூருக்கு வடக்கே அவிநாசி. தெற்கே அவிநாசிபாளையம். பார்சல் மேல் அவசரத்தில் 'அவிநாசி' என்று மட்டும் எழுதிவிட்டால், பனியன் பண்டல் வேறு ஊருக்குப் போய்விடும். லாரி ஆபீஸுக்கு போன் போட்டால் திரும்பியாவது வரும். கிரிப்டோவில் அந்த வசதி கிடையாது. தப்பான அட்ரஸுக்குப் போன காயினை எந்த வங்கியாலும் திருப்பி எடுக்க முடியாது.

வாலட் அட்ரஸ் என்றால் என்ன?

கிரிப்டோவைப் பெறுவதற்கான முகவரிதான் இது. வங்கிக் கணக்கு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பிட்காயின் அட்ரஸ் '1', '3' அல்லது 'பிசி1' என்று தொடங்கும். எத்தேரியம் அட்ரஸ் '0எக்ஸ்' என்று தொடங்கி மொத்தம் 42 எழுத்துகள் இருக்கும். ட்ரான் அட்ரஸ் 'டி' என்று தொடங்கும்; 34 எழுத்துகள்.

எங்கே பார்ப்பது?

* ஆப்பைத் திறந்து, தேவையான காயினைத் தேர்வு செய்யுங்கள்.
* 'ரிசீவ்' அல்லது 'டெபாசிட்' பட்டனை அழுத்துங்கள்.
* நெட்வொர்க் கேட்டால், அனுப்புபவர் பயன்படுத்தும் அதே நெட்வொர்க்கைத் தேர்வு செய்யுங்கள்.
* கியூஆர் கோடும் அட்ரஸும் வரும். கையால் டைப் செய்யாமல் காப்பி செய்யுங்கள்.

யுஎஸ்டிடி போன்ற காயின் எத்தேரியத்திலும் இருக்கிறது, ட்ரானிலும் இருக்கிறது. அதனால் நெட்வொர்க் மாறினால் காசு சிக்கிக்கொள்ளலாம். பிட்காயின் வாலட்டில் ஒவ்வொரு முறையும் புது அட்ரஸ் காட்டினால் பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான்.

முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போதுமா?

போதாது. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் எதிராளியின் பெயர் வரும். இங்கே பெயரே வராது. இதைத்தான் மோசடிக் கும்பல் பயன்படுத்துகிறது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் அட்ரஸ் போலவே, முதல் சில எழுத்தும் கடைசி சில எழுத்தும் ஒத்துப்போகும் போலி அட்ரஸை உருவாக்கி, அதிலிருந்து உங்கள் வாலட்டுக்குச் சின்னத் தொகை அனுப்புவார்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் அதுவும் வந்து உட்கார்ந்துவிடும். அடுத்த முறை அங்கிருந்து காப்பி செய்தால் கதை முடிந்தது.

2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோவை போலி அட்ரஸுக்கு அனுப்பிவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் பிறகு அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அட்ரஸை மற்றவருக்குச் சொல்லலாமா?

சொல்லலாம். அட்ரஸை வைத்து யாரும் காசை எடுக்க முடியாது. ஆனால் அதில் எவ்வளவு இருக்கிறது, எங்கே போனது என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சொல்லவே கூடாதது, வாலட் தொடங்கும்போது தரப்படும் 12 அல்லது 24 சொற்கள். அது தெரிந்தவர் கையில் மொத்த வாலட்டும் போய்விடும்.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் தெரியும் அட்ரஸின் சாவி உங்களிடம் இருக்காது. அந்த நிறுவனத்திடமே இருக்கும். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் சுமார் 23 கோடி டாலர் திருடப்பட்டபோது பயனர்களின் கணக்குகள் முடங்கின. அதில் ஒரு முதலீட்டாளர் தொடர்ந்த வழக்கில்தான், கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் கூறியது.

அனுப்பும் முன்...

அட்ரஸை நடுவில் உள்ள எழுத்துகள் உட்பட முழுசாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதலில் சின்னத் தொகை அனுப்பி, வந்துவிட்டதா என்று எதிராளியிடம் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.