வீட்டுக்கு ஒரு கணினி – 6: ரேம் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், இன்டெல்லில் குறைந்தது எட்டாம் தலைமுறை பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும் என்கிறது அந்த நிறுவனம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக உழைத்துக்கொண்டிருக்கும் வீட்டுக் கணினிகளால் இந்த வாசலைத் தாண்ட முடியாது.

நாமக்கல்லில் இருந்து துறையூர் போகும் வழியில் இருக்கும் எருமப்பட்டி போன்ற ஊர்களில் இது சின்ன விஷயமல்ல. கோழிப்பண்ணையின் தீவனக் கணக்கு கணினியில்தான் ஏறுகிறது. லாரி வைத்திருப்பவர் 2018 ஏப்ரலில் இருந்து இ-வே பில் எடுப்பதும் அதில்தான். பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் புராஜெக்ட் வேலையும் அதன் தலையில்தான் விழும். ஆகவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாமக்கல்லுக்கு பஸ் ஏறுகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ரேமை மட்டும் ஏத்திவிட்டாப் போதுமா, போர்டையும் மாத்தணுமாங்க?”

இதற்கான பதில் போர்டில்தான் இருக்கிறது. லாரிக்கு பாடி கட்டுவதில் பேர் வாங்கிய நாமக்கல்லில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. சேசிஸ் எதுவோ, அதற்கேற்பத்தான் பாடி. கணினியில் சேசிஸின் இடத்தில் இருப்பது மதர்போர்டு. எந்த பிராசஸர் உட்காரும், எந்தத் தலைமுறை ரேம் ஏறும், எத்தனை ஜிபி வரை தாங்கும் என்ற மூன்றையும் அது தயாரான நாளிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

ரேம் தலைமுறைகளை டிடிஆர் என்ற பெயரோடு எண் சேர்த்துச் சொல்கிறோம். டிடிஆர்3 2007-இல் வந்தது, டிடிஆர்4 2014-இல். டிடிஆர்5 வீட்டுக் கணினிகளுக்குள் நுழைந்தது 2021-இன் கடைசியில். ஒரு தலைமுறையின் ரேம் இன்னொரு தலைமுறையின் ஸ்லாட்டில் ஏறாது. டிடிஆர்3 ரேமின் அடிவிளிம்பில் 240 தங்க நிறத் தொடுமுனைகள் இருக்கும். டிடிஆர்4-க்கும் டிடிஆர்5-க்கும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தமும் 1.5, 1.2, 1.1 வோல்ட் என்று படிப்படியாக இறங்குகிறது. தப்பான ரேமைச் செருகிப் போர்டைப் பாழாக்கிவிடக் கூடாது என்றுதான் அந்த வெட்டை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள். ஸ்லாட்டில் இருக்கும் மேடும் ரேமில் இருக்கும் வெட்டும் நேர்கோட்டில் வரவில்லை என்றால் கையை எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பார்க்கவே கூடாது.

வீட்டில் இருப்பது எந்த ரகம் என்று அறிய பெட்டியைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போர்டின் மாடல், ரேமின் தலைமுறை, வேகம் எல்லாவற்றையும் காட்டிவிடும். எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்பது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே, மெமரி பக்கத்தில் தெரியும்.

இரண்டு வகை வீடுகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வீட்டில் இருப்பது இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸரும் எச்61 போர்டும். 2011-இல் வந்த சிப்செட் அது. இரண்டே ஸ்லாட்டுகள், டிடிஆர்3 மட்டும், உச்ச அளவு 16 ஜிபி. என்ன ரேம் போட்டாலும் விண்டோஸ் 11-க்கு இது அதிகாரபூர்வமாகத் தகுதி பெறாது. லினக்ஸ் போட்டுப் பாடம் படிக்க வைத்துக்கொள்ளலாம் என்றால் 8 ஜிபியாக ஏற்றி, எஸ்எஸ்டி ஒன்றை மாட்டினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அதற்கு மேல் இந்தப் போர்டில் பணம் போடுவது வீண். இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவு விலையில் வரும் சில டிடிஆர்3 ரேம்களில் ‘ஏஎம்டி மட்டும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். சிப்புகளின் அமைப்பு வேறு என்பதால் இன்டெல் போர்டுகளில் அவை வேலை செய்யாது.

இரண்டாவது வீட்டில் ஏழாம் தலைமுறை ஐ3, எச்110 போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இருக்கிறது. இதுவும் விண்டோஸ் 11-க்கு ஒரு தலைமுறை குறைவுதான். ஆனால் இங்கே கையில் இருக்கும் ரேமுக்கு மதிப்பு உண்டு. இன்றைக்கு அந்த மதிப்பு கூடியே இருக்கிறது.

காரணம் உலகச் சந்தை. மெமரி சிப் தயாரிப்பில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கான மெமரிக்கு இவை முன்னுரிமை தரத் தொடங்கியதும், 2025-இன் பிற்பகுதியில் வீட்டுக் கணினி ரேம்களின் விலை கிடுகிடுவென ஏறியது. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுமே தப்பவில்லை. அந்த டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் நேரடியாக நுகர்வோருக்கு விற்றுவந்த தொழிலை விட்டு விலகுவதாக மைக்ரான் அறிவித்தது. ஒரு காலத்தில் பட்டியலின் கடைசியில் யோசிக்காமல் சேர்த்த ரேம், இன்று பட்ஜெட்டையே ஆட்டி வைக்கிறது.

ஆகவே இரண்டாவது வீட்டுக்காரர் ரேமை விற்றுவிடாமல், அதை ஏற்கும் போர்டைத் தேட வேண்டும். வழி இரண்டு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகள் டிடிஆர்4 ரேமை மட்டுமே ஏற்பவை. 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸர்கள் இவற்றில் உட்காரும். கொஞ்சம் பழைய பி450 போர்டாக இருந்தால் பயாஸ் புதுப்பித்ததா என்று கேட்டுவிட வேண்டும். இன்னொரு வழி இன்டெல்லின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கான எல்ஜிஏ1700 சாக்கெட். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே சிப்செட்டில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. ஏசுஸின் பிரைம் பி760எம்-ஏ என்றால் டிடிஆர்5. அதே பெயரின் கடைசியில் ‘டி4’ என்று இருந்தால் டிடிஆர்4. பில் போடும் முன் அட்டைப்பெட்டியில் அந்த இரண்டு எழுத்தைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

பழைய ரேமோடு புதியது ஒன்றைச் சேர்க்கலாமா? சேர்க்கலாம். ஆனால் 2400 வேக ரேமோடு 3200-ஐப் போட்டால் இரண்டும் 2400-இல்தான் ஓடும். எச்610 போர்டுக்கு 3600 வேக ரேம் வாங்குவதிலும் பயனில்லை. அந்த சிப்செட் ரேமை 3200-க்கு மேல் ஓட விடாது.

தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினியில் ரேமை ஜோடியாகப் போடுவதுதான் நல்லது. 3200 வேக டிடிஆர்4 ரேம் ஒன்று தனியாக நொடிக்கு 25.6 ஜிபி வரை தரவைக் கடத்தும். இரண்டு சேனல்களில் ஒவ்வொன்று போட்டால் அது 51.2 ஆகிவிடும். திரைக்கான வேலையையும் இதே ரேம்தான் சுமக்கிறது என்பதால், ஒற்றை 16-ஐ விட இரண்டு 8 கைகொடுக்கும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸர் பக்கத்தில் இருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுவது பெரும்பாலான போர்டுகளின் முறை. உறுதி செய்துகொள்ள போர்டின் கையேடு இருக்கிறது.

டிடிஆர்5 கதை கொஞ்சம் வேறு. ஏஎம்5 சாக்கெட்டில் வந்த ரைசன் 7000 வரிசைக்கு, இரண்டு ரேம் போட்டால் 5200 வேகம் என்று ஏஎம்டி சொல்கிறது. நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடுகிறது. அதனால் டிடிஆர்5 வாங்குகிறவர்கள் தேவையான அளவை முதலிலேயே இரண்டு ரேம்களாக வாங்கிவிடுவது மேல்.

மாட்டும் வேலை எளிதுதான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக் கையில் இருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். ஸ்லாட்டின் தாழ்ப்பாளைத் திறந்து, வெட்டை மேட்டுக்கு நேராக வைத்து, இரு முனைகளிலும் கட்டைவிரலால் சமமாக அழுத்தினால் ‘டக்’கென்று தாழ்ப்பாள் தானே மூடிக்கொள்ளும். அந்தச் சத்தம் வரவில்லை என்றால் ரேம் முழுதாக உட்காரவில்லை. தீவனத் தூசி பறக்கும் பண்ணை அலுவலகங்களில் கணினி திடீரென்று உயிர்பெறாமல் போனால், ரேமைக் கழற்றித் தொடுமுனைகளைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டிப் பார்க்கலாம். புதிய ஏஎம்5 போர்டில் முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கக்கூடும். போர்டு ரேமுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

கணக்கு வேலைக்கும் படிப்புக்கும் உள்ள வீட்டுக் கணினிக்கு, கையில் டிடிஆர்4 ரேம் இருந்தால் நான்கு ஸ்லாட் உள்ள டிடிஆர்4 போர்டே இன்றைய நிலையில் சரியான தேர்வு. எல்லாமே புதிதாக வாங்குகிறவர், பின்னாளில் பிராசஸர் மாற்றும் எண்ணமும் இருந்தால் ஏஎம்5 பக்கம் போகலாம். எதுவானாலும், போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்குச் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியல் இருக்கும். கடைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டு, போர்டின் முழு மாடல் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பில்லிலும் அதே பெயர் முழுதாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

(அடுத்த வாரம்: எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ், எர்த்)