கப்பலை விட்டு வீடு வரை

சுற்றுலாவுக்குப் புறப்படும் நாளைப் பற்றி எழுதுவோர் பலர். திரும்பி வரும் நாளைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஊர் பார்த்த மகிழ்ச்சியும் உறக்கக் குறைவும் ஒன்றுசேரும் அந்த நாளில்தான் மனிதன் கவனம் தவறுகிறான். நாக்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் பிரிவு எழுத்தனாக இருக்கும் நான், பிறர் சாமான் தவறிய கதைகளை நாள்தோறும் கேட்பவன். இன்று என் கதையை நானே எழுத நேர்ந்தது.

என் தாயாருக்கு வயது அறுபத்தெட்டு. அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தில் 'ராஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு சென்று, சில ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்துத் திரும்பியவர். 1926-இல் கட்டப்பட்ட அந்தக் கப்பலின் பெயர் எங்கள் வீட்டில் இன்றும் வழங்கி வருகிறது. "அப்பா இறங்கிய ஊரை ஒரு முறை பார்த்துவிட வேண்டும்" என்பது தாயாரின் நெடுநாள் ஆசை. நான்கு ஆண்டுகள் பணம் சேர்த்து, அலுவலகத்தில் வெளிநாடு செல்ல முறைப்படி அனுமதி பெற்று, தாயார், மனைவி, மகள் ஆகியோருடன் சென்ற ஆண்டு சிங்கப்பூருக்குப் பறந்தேன். அங்கிருந்து பினாங்கு சென்று திரும்பும் உல்லாசக் கப்பலில் மூன்று இரவுகள் தங்கினோம். ஜார்ஜ் டவுன் நகரில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கியதும் தாயார் குனிந்து தரையைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார். செலவழித்த பணம் அந்த ஒரு கணத்திலேயே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது.

இனித் திரும்பிய கதை.

பெட்டி எங்கே?

இத்தகைய கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. கரை சேரும் நாளுக்கு முந்தைய இரவே பெரிய பெட்டிகளில் வண்ணச் சீட்டுக் கட்டி, அறை வாசலில் வைத்துவிட வேண்டும். பணியாட்கள் அவற்றை எடுத்துச் சென்று, மறுநாள் துறைமுகக் கூடத்தில் வரிசையாக அடுக்குவர். கைவீசி இறங்கலாம், சௌகரியந்தான். ஆனால் அந்த இரவுக்குப் பின் பெட்டி நம் கையில் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தாயார் நீரிழிவு நோயாளி. காலையும் இரவும் உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். இரவு ஊசி முடிந்ததும், எல்லாம் கட்டியாயிற்று என்ற எண்ணத்தில், மருந்துப் பையை நானே நீலப் பெட்டிக்குள் வைத்து வாசலில் தள்ளிவிட்டேன். காலை ஏழு மணிக்கு, "தம்பி, ஊசி எங்கேப்பா?" என்று தாயார் கேட்டபோதுதான் என் நெஞ்சு துணுக்குற்றது. இன்சுலின், சர்க்கரை பார்க்கும் கருவி, மருத்துவர் சீட்டு எல்லாமே அந்தப் பெட்டியில். கூடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று தேற்றினேன். தாயார் பேருக்கு ஏதோ உண்டார்.

ஒன்பதரை மணிக்குக் கூடத்துக்கு வந்தோம். மற்றப் பெட்டிகள் இருந்தன. நீலப் பெட்டி இல்லை. அதே நிறத்தில், அதே அளவில் வேறொன்று கேட்பாரற்று நின்றது. யாரோ மாற்றி எடுத்துச் சென்றிருந்தனர். அவர்கள் பெட்டியிலும் பெயர் இல்லை. என் பெட்டியிலும் இல்லை. வெளியே கட்டிய காகிதச் சீட்டு மட்டுமே. "உள்ளேயும் ஒரு சீட்டு வையுங்கள் ஐயா" என்று ஒவ்வொரு நாளும் பிறருக்குச் சொல்பவன் நான்! என்னைவிட வெட்கப்பட்டவர் அன்று அந்தக் கூடத்தில் எவரும் இரார்.

எங்கள் விமானம் மாலை ஏழு மணிக்கு. பிற்பகல் மூன்று மணிக்குள் பெட்டி வராவிடில், விமானத்தை விட்டுத் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதென்று முடிவு செய்தேன். தாயார் நாற்காலியில் சாய்ந்து, "தரை ஆடுகிறதப்பா" என்றார். சர்க்கரை ஏறியதாலா, கடல் அலைக்குப் பழகிய காதின் சமநிலை உறுப்பு நிலத்துக்கு இன்னும் பழகாததாலா என்று எனக்குப் புரியவில்லை. அளந்து பார்க்கும் கருவியும் பெட்டியில் அல்லவா?

பதினொன்றே முக்கால் மணிக்கு என் கைபேசி ஒலித்தது. அழைத்தவர் நாக்பூரில் எங்கள் தெரு மருந்துக் கடைக்காரர்! பெட்டியை எடுத்துச் சென்ற குஜராத்திக் குடும்பத்தார், விடுதியில் திறந்து பார்த்துத் திடுக்கிட்டு, மருந்துப் பையில் இருந்த கடை ரசீதின் எண்ணை அழைத்திருக்கின்றனர். பத்து மணியிலிருந்து அழைத்தும் பதில் இல்லை. காரணம் எளிது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே பத்து என்றால் நாக்பூரில் காலை ஏழரை. கடை திறப்பது ஒன்பதுக்கு. கடைக்காரர் எண்ணைக் கொடுக்க, அரை மணியில் அந்தப் பெரியவரே டாக்சியில் பெட்டியுடன் வந்து கைகூப்பினார். தவறு அவருடையது மட்டுமன்று என்று நானும் கைகூப்பினேன். சர்க்கரையை அளந்து, எங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டு, அவர் சொன்ன அளவில் ஊசி போட்டோம்.

மேகத்தின் மேல்

சிங்கப்பூரிலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ ஐந்தரை மணி நேரப் பயணம். மேற்கு நோக்கிப் பறப்பதால் அன்றைய பகல் இரண்டரை மணி நேரம் நீளுகிறது. இரவு ஊசியை எந்தக் கடிகாரப்படி போடுவது என்ற ஐயம் எழும். இதைப் புறப்படுமுன்பே அவரவர் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுதல் நன்று.

விமானம் பத்தாயிரம் மீட்டருக்கு மேல் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலைமேல் உள்ளதற்கு ஒப்பாகவே வைக்கப்படுகிறது. உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். உதகையில் அமர்ந்திருக்கிறோம் என்று எண்ணிக்கொள்க. ஆனால் காற்று மிக வறண்டது. ஆகவே அடிக்கடி நீர் அருந்த வேண்டும். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கினால் திறக்கும். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுக்கலாம்.

கால்களையும் மறவற்க. நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் அசையாது அமர்ந்து செல்வோருக்குக் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு கூறிற்று. அப்போதும் அது ஏறத்தாழ ஆறாயிரம் பேரில் ஒருவருக்கே. அஞ்ச வேண்டியதில்லை, எழுந்து நடந்தால் போதும். ரயிலுக்கும் பேருந்துக்கும் இது பொருந்தும்.

மும்பையில் இன்னொரு வேலை காத்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வருவோர், உள்நாட்டு விமானத்துக்கு மாறுவதாயினும், அங்கேயே பெட்டிகளை எடுத்துச் சுங்கச் சோதனை முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டும். இதற்கு நேரம் ஒதுக்காமல் சீட்டு வாங்கலாகாது. நாங்கள் இரவை நிலையத்திலேயே கழித்து, காலை விமானத்தில் நாக்பூர் சேர்ந்தோம். தாயாருக்குத் தரை ஆடுவது இரண்டாம் நாள் நின்றது. அதுவரை குளியலறைக்கு என் மனைவி கை பிடித்தே அழைத்துச் சென்றாள்.

நான் கற்றவை இவை. மருந்தும் மருத்துவர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். விமானத்தின் சரக்கறையில் இன்சுலின் உறைந்துவிடக் கூடும், உறைந்தது பயன்படாது. மருத்துவர் சீட்டைக் கைபேசியில் படமெடுத்தும் வையுங்கள். கப்பல் கரை சேரும் நேரத்துக்கும் விமானம் புறப்படும் நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் விடுங்கள். எங்களைக் காத்தது அந்த இடைவெளியே. பெட்டிக்கு வெளியேயும் உள்ளேயும் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வையுங்கள்.

வீடு வந்த அன்று மாலை, தாயார் பரண்மேல் இருந்த பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். பாட்டனார் பினாங்கிலிருந்து கொண்டுவந்த பெட்டி அது. மூடியின் மேல் வெள்ளை வர்ணத்தில் அவர் பெயரும் ஊரும் இன்றும் படிக்கும்படி இருக்கின்றன. நான் தூசியைத் துடைத்து, மூடியைத் திறந்தேன். உட்புறத்திலும் எழுதியிருந்தார்.