வினைப்பொறுப்பு: இஸ்லாம் கிறிஸ்து மதங்களின் கொள்கை

வினை செய்தவன் யாவனோ அவனே அதன் பயனை நுகர்தற்குரியன் என்பது சைவசித்தாந்தத்தின் உறுதிப்பொருள்களுள் ஒன்று. வினை சடமாதலின் தானே தன் கருத்தாவை நாடிச்சென்று பயனளிக்கமாட்டாது. உயிர் சிற்றறிவுடையதாதலின் தன் வினைப்பயனைத் தானே அறிந்தெடுத்து நுகரமாட்டாது. ஆகவே, அவ்விரண்டனையும் அறிந்து கூட்டும் முதல்வன் ஒருவன் வேண்டப்படுவன். இவ்வுண்மையை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்கண் நிறுவியருளினார்.

இப்பொருளில் இஸ்லாமும் கிறிஸ்து மதமும் கொண்ட கொள்கை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. சிவஞானசித்தியார் பரபக்கத்துள் அருணந்தி சிவாசாரியர் எடுத்தாராய்ந்த மதங்கள் பதினான்கனுள் இவ்விரண்டும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தினும் சென்னையினும் எழுந்த கண்டனநூல்களிலேதான் இவற்றைப்பற்றிய வழக்கு மிக்கது. அவ்வழக்கின் சூட்டிலே பிறந்த இரண்டு கூற்றுக்கள் இன்றும் நம்மவர் சிலர் நாவில் உலவுகின்றன. கிறிஸ்தவர் தம் பாவத்தைப் பிறிதொருவர் தலையிற் சுமத்தித் தப்புவோர் என்பது ஒன்று. முஸ்லிம்கள் எல்லாம் விதியென்று கைகட்டியிருப்போர் என்பது மற்றொன்று. இரண்டும் அம்மதநூல்களை உள்ளவாறு கல்லாமையால் விளைந்தன. பிறர்கோளை மறுக்கப்புகுவோன் முதற்கண் அதனை உடையார் உரைக்குமாறே எடுத்துரைத்தல் நம் ஆசிரியர்கள் கைக்கொண்ட முறையாகலின், அம்முறையே ஈண்டும் கொள்ளப்படும்.

ஆராய்ச்சிக்குரிய வினாக்கள் மூன்று. ஒருவன் வினை மற்றொருவனைப் பற்றுமோ? எல்லாம் இறைவன் செயலாயின் உயிருக்குப் பொறுப்பு யாங்ஙனம் அமையும்? மன்னிப்பு உண்டெனின் வினைப்பொறுப்புக் கெடாதோ? இவற்றை முறையே நோக்குவாம்.

இஸ்லாம்

ஒருவன் சுமையை மற்றொருவன் சுமத்தலில்லை என்னும் கருத்து குர்-ஆனில் ஐந்து இடங்களிற் கூறப்பட்டுள்ளது. ஆதிபிதாவாகிய ஆதம் கட்டளை கடந்தனர், பின் வருந்தி இறைவனை நோக்கித் திரும்பினர், இறைவன் மன்னித்தனன். அவர் பிழை அவரோடு தொடங்கி அவரோடு முடிந்தது. ஆகவே பிறக்கும் குழந்தை எவர் குற்றத்தையும் வழிவழிப்பெற்றுப் பிறப்பதில்லை. தூய இயல்போடு பிறக்கின்றது என்பது இஸ்லாத்தின் கொள்கை.

அவ்வியல்போடு பிறந்தவன் அறிவறிந்த பின் செய்வன யாவும் எழுதப்படும். ஒவ்வொருவன் பக்கலிலும் வானவர் இருந்து அவன் செயலைப் பதிவர், மறுமைநாளில் அவ்வேடு நல்லோர்க்கு வலக்கையிலும் தீயோர்க்கு இடக்கையிலும் கொடுக்கப்படும், துலாக்கோல் நிறுத்தப்படும், அணுவளவு நன்மையும் அணுவளவு தீமையும் புலப்படும், நா மறைப்பினும் கையும் காலும் சான்றுரைக்கும். தமிழ்நாட்டு முஸ்லிம்கள் இதனைக் 'கேள்வி கணக்கு' என வழங்குவர். இங்ஙனம் கணக்குக் கேட்கப்படுவோன் அறிவும் உரிமையும் உடையவனாதல் வேண்டும். ஆதலின் உறங்குவோன், பருவமெய்தாத சிறுவன், பித்தன் ஆகிய மூவர்மீதும் எழுதுகோல் செல்லாது என நபிமொழி விலக்குத் தந்தது. செயலின் தரமும் எண்ணத்தைப் பொறுத்தது. கி.பி. 870-இல் மறைந்த இமாம் புகாரி தம் நபிமொழித் தொகைநூலின் முதற்கண் 'நிய்யத்து' என்னும் எண்ணத்தைப்பற்றிய மொழியையே வைத்தமை நோக்கத்தக்கது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தொழுகையும் நோன்பும் தருமமும் நிரம்பக் கொண்டு மறுமைக்கு வரும் ஒருவன், உலகிற் பிறரை வைதும் அடித்தும் அவர் பொருளைக் கவர்ந்தும் இருந்தானாயின், அவன் நன்மைகள் அவர்கட்குப் பங்கிட்டுக் கொடுக்கப்படும். அவை தீர்ந்துபோயின் அவர்களுடைய பாவங்கள் அவன்மேல் ஏற்றப்படும். அவனே உண்மையில் முதலிழந்த வறியவன் என்று ஒரு நபிமொழி உண்டு. பிறர் பாவம் இவனைப் பற்றுகின்றதே; முன் கூறியதனோடு இது முரணாதோ எனின், முரணாது. ஏற்றப்படுவது காரணமின்றி வந்த பிறன்சுமை அன்று; இவன் செய்த கொடுமைக்கு ஈடாக இவனிடத்து வாங்கப்படும் கடன். பொன்னும் பொருளும் இல்லாத அவ்விடத்தில் நன்மை தீமைகளே நாணயமாகின்றன. எனவே பொறுப்பு ஈண்டுக் குறையவில்லை, மிகுகின்றது. 

இதனை ஒட்டியே மன்னிப்பின் எல்லையும் வகுக்கப்பட்டது. செய்த பாவத்தை விடுதல், அதற்கு வருந்துதல், மீளச் செய்யேன் என்று துணிதல் ஆகிய மூன்றும் கூடியதே 'தௌபா'. பிறர்க்குரிய உரிமையைக் கவர்ந்த பாவமாயின், அதனை உரியவர்க்குத் திருப்புதல் என்னும் நான்காவதும் வேண்டும். அறப்போரில் உயிர்துறந்தானுக்கும் பட்ட கடன் மன்னிக்கப்படுவதில்லை என்பர். நபியின் பரிந்துரையும் இறைவன் இசைவு பெற்றன்றி நிகழாது. ஆகவே தொழுகை ஒன்றே அண்டை வீட்டானுக்குச் செய்த தீங்கைக் கழுவிவிடும் என்பது அம்மதத்தின் கொள்கையன்று.

இனி இரண்டாம் வினா. எல்லாம் இறைவன் ஆற்றலுள் அடங்கியதென்பதும் குர்-ஆனின் கருத்தே. இதனைப்பற்றிக்கொண்டு மனிதன் காற்றில் அசையும் இலைபோல்வான் என்றனர் ஜபரியார். மனிதனே தன் செயலுக்குக் கருத்தா என்றனர் கதரியார். கி.பி. 748-இல் மறைந்த பசராநகரத்து வாசில் இப்னு அதாவின் வழிவந்த முஃதசிலாக்கள் பின்னைய கொள்கையை நியாயமுறையில் வளர்த்தனர். செய்யாத ஒன்றற்குத் தண்டித்தல் நீதியன்று, இறைவன் நீதியுடையன், ஆதலின் மனிதனே தன் செயலை ஆக்குகின்றான் என்பது அவர் வாதம்.

அக்கூட்டத்தில் இருந்து பின் பிரிந்தவர் அபுல்ஹசன் அஷ்அரி. அவர் தம் ஆசிரியர் ஜுப்பாயியை வினவியதாக ஒரு வரலாறு கூறுவர். உடன்பிறந்தார் மூவருள் ஒருவன் நல்லனாய் முதிர்ந்து இறந்தான். ஒருவன் தீயனாய் முதிர்ந்து இறந்தான். ஒருவன் குழவியாய் இறந்தான். குழவி, "என்னையும் வளரவிட்டிருப்பின் நன்மை செய்து உயர்ந்திருப்பேனே" என்று கேட்டால் இறைவன் யாது கூறுவன்? "நீ வளரின் தீயனாவாய் என்றறிந்தே முன்னர் எடுத்தோம்" எனலாம் என்றார் ஆசிரியர். அங்ஙனமாயின் தீயவன் எழுந்து, "என்னை மட்டும் ஏன் இளமையில் எடுத்திலை?" என்று கேட்பானே என்றார் மாணவர். ஆசிரியர் வாய் அடங்கினார் என்ப. 

அஷ்அரி கண்ட முடிபு 'கஸ்பு' என்பது. செயலைப் படைப்பவன் இறைவன். அதனைத் தனதாக ஈட்டிக்கொள்பவன் மனிதன். அவ்வீட்டமே பொறுப்பிற்கு நிலைக்களம். சமர்க்கந்து நகரத்து மாதுரீதி (மறைவு கி.பி. 944) மனிதனுடைய தேர்வுக்கு இன்னும் மிகுந்த இடம் தந்தனர். இந்நாளளவும் சுன்னிகளுட் பெரும்பாலார் இவ்விருவர் வழியினரே. இவருள் எவரும் விதியைக் காட்டி வினைப்பொறுப்பை மறுத்தாரல்லர்.

கிறிஸ்து மதம்

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் இருவகைக் குரல் கேட்கப்படும். பிதாக்கள் செய்த அக்கிரமம் மூன்று நான்கு தலைமுறை மக்களிடத்து விசாரிக்கப்படும் என்பது யாத்திராகமத்திற் கண்டது. பாபிலோன் சிறையிருப்பில் வாழ்ந்த எசேக்கியேல் தீர்க்கதரிசியோ, தம் 18-ஆம் அதிகாரத்தில் இதனை மறுப்பார்போலப் பேசுகின்றார். முன்னோர் பிழையால் நாம் துன்புறுகின்றோம் என்று முறையிட்ட மக்களுக்கு அவர் கூறிய விடை: தந்தையின் பாவம் மகனைச் சேராது, மகனின் பாவம் தந்தையைச் சேராது, பாவஞ்செய்த உயிரே அதன் பயனை எய்தும் என்பது. மத்தேயு சுவிசேஷத்து 25-ஆம் அதிகாரத்தில் இறுதித்தீர்ப்பு நிகழுமாறு கூறப்படுகின்றது. பசித்தார்க்கு உணவும் தாகித்தார்க்கு நீரும் உடையற்றார்க்கு உடையும் அளித்தனையோ, பிணியாளரையும் சிறைப்பட்டாரையும் சென்று கண்டனையோ என்பனவே அங்கு எழும் வினாக்கள். எனவே ஒவ்வொருவனும் தன் செயலுக்குத் தானே விடைகூறல் வேண்டும் என்பது கிறிஸ்து மதத்தும் மூலக்கொள்கையே.

சிக்கல் எழுந்தது 'சென்மபாவம்' என்னும் கோட்பாட்டால். ஒரு மனிதனால் பாவமும் மரணமும் உலகிற் புகுந்தன எனப் பவுல் உரோமர்க்கு எழுதிய நிருபத்திற் கூறினார். அவ்வாக்கியத்தின் இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பற்றி நின்ற அகுஸ்தீன் (கி.பி. 354–430), ஆதாமினிடத்து மனிதர் அனைவரும் பாவஞ்செய்தனர், ஆதலின் அவன் குற்றம் பிறவியிலேயே எல்லாரையும் பற்றும் என்று கொண்டனர். பெலாகியு என்னும் துறவி இதனை எதிர்த்தனர். செய்யவியலாததை இறைவன் கட்டளையிடான். எனவே நன்மை செய்யும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு. ஆதாமின் பிழை தீய முன்மாதிரியே என்பது அவர் கொள்கை. அகுஸ்தீனோ, மனிதன் தானே நன்மை செய்யவல்லனெனின் அருள் வேண்டாதாய் முடியுமே என்றனர். கி.பி. 418-இல் கார்த்தேஜ் சங்கம் பெலாகியுவின் கொள்கையை விலக்கியது. கிரேக்கநெறி நின்ற கீழைத் திருச்சபையோ, ஆதாமினின்று வழிவந்தது மரணமும் கேடுமேயன்றி அவன் குற்றமன்று என்று இன்றளவும் கூறும். கத்தோலிக்க திருச்சபை 1992-இல் வெளியிட்ட மறைக்கல்வி நூலும், சென்மபாவம் என்பது ஒருவன் செய்த செயலன்று, அவன் பெற்றுக்கொண்ட நிலை என்றே விளக்குகின்றது.

மன்னிப்பைப்பற்றியும் அவர் கொள்கை நம்மவர் எண்ணுமளவு எளிதன்று. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம் ஆண்டிற்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டுமென விதித்தது. அதற்கு மனஸ்தாபம், வாயால் அறிக்கையிடல், பரிகாரம் என மூன்று உறுப்புக்கள் உண்டு. குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் அதற்குரிய தண்டம் எஞ்சியிருக்கக்கூடும். அது இம்மையிலேனும் உத்தரிக்கும் ஸ்தலத்திலேனும் தீர்க்கப்படும். திருடிய பொருளை உரியவனிடத்துச் சேர்த்தலும் கடன். இத்தண்டத்தைக் குறைக்கும் சலுகை பணத்திற்கு விலைபோயிற்று என்று கண்டே 1517-இல் லுத்தர் கிளர்ந்தெழுந்தனர். 1524-இல் எராஸ்முஸ் மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டென நூல்செய்ய, அடுத்த ஆண்டிலேயே லுத்தர் அவ்விருப்பம் அடிமைப்பட்டதென மறுப்புநூல் செய்தனர். விசுவாசம் ஒன்றாலேயே மனிதன் நீதிமானாக்கப்படுவன் என்பது லுத்தர் கொள்கை. எனினும் அவரும் நற்செயலை விலக்கினாரல்லர். நல்ல மரம் நற்கனி தருமாறுபோல மெய்விசுவாசம் நற்செயலைத் தரும் என்றனர். 1547-இல் திரெந்து சங்கம், அருள் முற்படும், மனிதன் அதனோடு இசைந்து ஒத்துழைத்தல் வேண்டும் என முடிபு கூறிற்று. இவ்விரு சாராரும் 1999-இல் ஆகஸ்பர்க் நகரில் இப்பொருள்பற்றிய கூட்டறிக்கையிற் கையொப்பமிட்டுப் பெரும்பகுதி உடன்பட்டனர்.

கிறிஸ்து மனிதர்க்காகப் பலியானார் என்பது அவர்களனைவர்க்கும் பொது. ஆயினும் அப்பலி வருந்தித் திருந்தாதவனைத் திருந்தியவனாகக் கணக்கெழுதும் என்று கொண்டவர் அவருட் பெரியோர் அல்லர். 

சித்தாந்த நோக்கு

இவற்றைச் சித்தாந்தத்தோடு ஒப்புநோக்குவாம். உயிர் தன்னாற் களையவியலாத ஒரு குறையோடு உலகிற்கு வருகின்றது என்பதில் அகுஸ்தீனும் நாமும் ஒருபுடை ஒப்போம். அவர் அதனைச் சென்மபாவம் என்றனர். நாம் ஆணவமலம் என்போம். வேற்றுமை யாதெனின், ஆணவம் செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது. எவன் செய்த குற்றத்தாலும் வந்ததன்று. ஆகவே பிறன்பிழைக்கு நாம் தண்டிக்கப்படுகின்றோம் என்னும் குற்றம் ஈண்டு எழாது. ஆணவம் பொறுப்பினை ஒழிப்பதுமன்று. அதனால் மறைப்புண்ட உயிர் தன் இச்சை ஞான கிரியைகளாற் செய்வதே வினை.

குழவியின் வினாவும் ஒரே பிறப்பு என்னும் கொள்கைமேல் எழுந்தது. நம் நூல்கள், ஆயுளும் நுகர்ச்சியும் முன்வினைக்கு ஈடாக அமைவன என்றும், ஒரு பிறப்பிற் கணக்கு முடிவதில்லை என்றும் விடைகூறும். ஆயின் இவ்விடையைக் கொண்டு துன்புறுவானை நோக்கி 'உன் வினை' என்று கைவிடுதல் பெருங்குற்றம். அவனுக்கு உதவாமை நமக்கு ஆகாமியமாய் ஏறும்.

இறைவன் செயலும் உயிரின் செயலும் ஒருங்கு நிற்குமாறு எங்ஙனமெனின், கண் காண்டற்கு ஞாயிற்றின் ஒளி வேண்டும். ஒளி உதவினும் காண்பது கண்ணே. அதுபோல இறைவன் உடனின்று உதவ, விரும்பிச் செய்வது உயிரே. அஷ்அரியின் கஸ்பு இந்நிலைக்கு அணித்தாக வந்து, செயலைப் படைத்தலை இறைவன்பால் வைத்தமையால் வேறுபட்டது.

அற்றேல், தீக்கையால் சஞ்சிதம் ஒழியும் என்கின்ற நீவிர் பிறரைக் குறைகூறுதல் எங்ஙனம் எனின், நன்று கூறினை. சஞ்சிதம் தீக்கையால் ஒழியுமாயினும் பிராரத்தம் நுகர்ந்தே கழியும். அத்தீக்கைதானும் இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திச் சத்திநிபாதம் உற்ற பக்குவர்க்கே பயன்படும். அருள் பொறுப்பை அழிப்பதன்று. பொறுப்பை உணர்ந்தானிடத்தே பதிவது. எனவே மூன்று சமயத்தாரும் தம்முள் வேறுபடினும், பக்குவமின்றி அருளை விலையாகவோ சடங்காகவோ பெறலாம் என்னும் மயக்கத்தை மூவருமே கடிந்தனர்.

இம்மயக்கம் நம்மிடத்து இல்லையென்று கூறவொண்ணாது. நீறணிந்து ஐந்தெழுத்தை எண்ணிக்கொண்டே பிறர்பொருளை வௌவுதலும், கோயிற் காணிக்கையாற் பழி தீர்ந்ததென மகிழ்தலும் நம்முள்ளும் காணப்படுகின்றன. கி.பி. 1111-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் பெருநூலின் நாற்பது பகுதிகளுள் ஒன்றனைத் தன்னைத்தான் கணக்குக்கேட்டலுக்கென்றே வகுத்தனர். வணிகன் கூட்டாளியோடு செய்யுமாறுபோல, காலையில் நெஞ்சோடு உடன்படிக்கை செய்தலும், பகலெல்லாம் அதனைக் கண்காணித்தலும், மாலையில் வரவுசெலவு கேட்டலும், தவறின் ஒறுத்தலும் ஆங்குக் கூறப்படும். சிவபூசை முடிவில் நாமும் இதனைச் செய்தல் தகும். தன் வினைக்குத் தானே உரியன் என்று உணர்ந்தார்க்கே அவ்வினையைக் கடத்தும் திருவருளின் அருமை விளங்கும் என்க.