ஓட ஓட வளரும் அச்சம்

கைத்தடி பாம்பாக நெளியக் கண்டதும் மூஸா (அலை) அவர்கள் திரும்பிப் பாராமல் ஓடியதைத் திருக்குர்ஆன் ஒளிக்காமல் கூறுகிறது (28:31). பூனையைக் கண்டு நடுங்கும் பிள்ளையையும், மின்தூக்கியில் ஏற அஞ்சும் பெரியவரையும் ‘ஈமான் பலவீனம்’ எனக் கடிந்துகொள்வோர் இவ்வசனத்தை நிதானமாக ஓதிப் பார்ப்பது நலம். பாம்புக்கு அஞ்சுவது இயல்பு. தீங்கு செய்யாத பூனைக்கும் அவ்வாறே அஞ்சி, அதனால் அன்றாட வாழ்வே முடங்கிப்போவதைத்தான் உளவியலார் ஃபோபியா என்கின்றனர்.

இவ்வச்சம் பெரும்பாலும் கற்றுக்கொள்ளப்படுவது. 1920இல் அமெரிக்க உளவியலாளர் வாட்சனும் ரேனரும், பதினொரு மாதக் குழந்தையொன்று வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் இரும்புக் கம்பியைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தனர். சில முறைகளுக்குப்பின் ஓசை இல்லாமலேயே எலியைக் கண்டு குழந்தை அழுதது. (அந்த அச்சத்தை அவர்கள் நீக்காமலே விட்டது இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.) நேரடி அனுபவம் இல்லாமல், தாய் அலறுவதைக் கண்டே அஞ்சக் கற்கும் பிள்ளைகளும் உண்டு.

கற்ற அச்சம் ஏன் தானே கரைவதில்லை? ஓட்டமே காரணம். பூனையைக் கண்டு விலகியவுடன் நெஞ்சு ஆறுகிறது. அந்த ஆறுதல், ‘விலகியதால் தப்பினேன்’ என்று மனத்திற்குப் பாடம் சொல்கிறது. பூனை ஒன்றும் செய்யாது என்பதை அறியும் வாய்ப்போ ஒவ்வொரு முறையும் நழுவிப்போகிறது. வீட்டார் பரிவோடு பூனையை விரட்டிவிடுவதும் அச்சத்திற்கே உரமாகிறது.

1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் உணவுண்ணும் வேளையில் முயலைச் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார். முடிவில் அவன் அதைத் தடவிக் கொடுத்தான். அவருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்னும் நூலில், அஞ்சும் பொருளுக்குப் புலன்களை மீண்டும் மீண்டும் பழக்குமாறு அறிவுறுத்தியுள்ளார். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘இஹ்யா’வில், கோழைத்தனத்தைப் போக்கக் குளிர்காலத்தில் கொந்தளிக்கும் கடலில் பயணம் செய்த ஒருவரைக் குறிப்பிடுகிறார்கள். துணிந்தவர் தாமே தேர்ந்த வழி அது. நடுங்கும் பிள்ளையின் மடியில் பூனையைத் திடீரெனப் போடுவதற்கு அது சான்றாகாது.

படிப்படியாக ஏறுவதே பாதுகாப்பானது. முதலில் பூனையின் படம், பிறகு கூண்டிலுள்ள பூனை, பிறகு அதே அறையில் அமர்தல், கடைசியில் தொடுதல். ஒவ்வொரு படியிலும் அஞ்சுபவரின் சம்மதம் வேண்டும். அச்சம் உச்சத்தில் இருக்கும்போது வெளியேறாமல், அது தணியும்வரை அங்கேயே இருத்தல் பெரிதும் உதவும். இரத்தத்தைக் கண்டு மயங்குவோருக்கு மட்டும் இது போதாது. அவர்களது இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்வதால், கைகால் தசைகளை இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியும் கற்பிக்கப்படுகிறது. கடும் அச்சத்திற்கு உளவியல் மருத்துவரின் மேற்பார்வை அவசியம்.

பழைய அச்சம் அடியோடு அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடமொன்று பதிகிறது. அதனால்தான் மருத்துவமனையில் பூனையைத் தொட்டவர் தெருவில் மீண்டும் திடுக்கிடக்கூடும். பயிற்சியை வீட்டிலும் தெருவிலும் உறவினர் இல்லத்திலும் தொடரச் சொல்வது இதற்காகவே.