கமிஷன் கணக்கும் கையொப்பமும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் விற்பனைப் பிரதிநிதிகளாகத் தொழில் புரிவோர் பலர். ஊரூராய் அலைந்து ஆர்டர் பெற்றுத் தந்த பின்னரும் கமிஷன் வந்து சேரவில்லை என்பது அவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறையீடு. அதற்குரிய விடை, பெரும்பாலும், அவர்கள் முதல் நாள் கையொப்பமிட்ட தாளிலேயே அடங்கியிருக்கிறது.

மாதச் சம்பளம் பெறும் ஊழியர் வேறு. கமிஷனுக்கு விற்றுத் தரும் முகவர் வேறு. முன்னவருக்குத் தொழிலாளர் சட்டங்கள் துணை நிற்கும். பின்னவருக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே அடிப்படை. இங்கு நாம் முகவரைப் பற்றியே ஆராய்வோம்.

கமிஷன் எப்போது உரியதாகிறது? தனி ஏற்பாடு இல்லையெனில், ஒப்புக்கொண்ட செயல் நிறைவேறிய பின்னரே என்கிறது அச்சட்டத்தின் 219-ஆம் பிரிவு. ஆனால் நிறைவு என்பது எது? ஆர்டர் கிடைத்ததா, சரக்கு சென்றதா, பணம் வந்ததா? சச்சரவின் வித்து இங்கேதான் இருக்கிறது. ஒருவர் 1,00,000 ரூபாய்க்கு ஆர்டர் பெறுகிறார்; கமிஷன் நூற்றுக்கு 5 என்று கொள்வோம். கடைக்காரர் 60,000 ரூபாய் மட்டுமே செலுத்துகிறார். ஆர்டருக்குக் கமிஷன் என்றால் 5,000 ரூபாய். வசூலுக்கு என்றால் 3,000 ரூபாய். ஒப்பந்தத்தில் ஒரு சொல் தெளிவாயிருந்தால் இந்த வழக்கே எழாது. திரும்பி வந்த சரக்கு, நம் வட்டாரத்தில் நிறுவனம் நேரே செய்த விற்பனை, நாம் விலகிய பின் நிறைவேறும் ஆர்டர் ஆகியவற்றுக்கும் முன்கூட்டியே எழுத்தில் விதி வேண்டும்.

குறித்த காலத்துக்கு அமர்த்திய முகவரைத் தக்க காரணமின்றி இடையில் நீக்கினால் இழப்பீடு உண்டு. நியாயமான முன்னறிவிப்பும் தேவை. முகவருக்கும் கடமைகள் உண்டு. தவறான நடத்தைக்கு உள்ளான பகுதி வேலைக்கு அவருக்கு ஊதியமில்லை. வசூலித்த பணத்தில் தமக்குரியதை அவர் நிறுத்திக்கொள்ளலாம். எஞ்சியதைக் கணக்குடன் ஒப்படைத்தே ஆகவேண்டும்.

தொலைவில் வாழ்வோர் கவனிக்கவேண்டிய வரி ஒன்று பெரும்பாலும் ஒப்பந்தத்தின் இறுதியில் இருக்கும். ஜெய்ப்பூரில் மசகெண்ணெய் விற்பனை முகவராயிருந்த ஸ்வஸ்திக் கேஸஸ் நிறுவனத்தின் ஒப்பந்தம், கொல்கத்தா நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது எனக் கூறியது. அங்கே 'மட்டும்' என்ற சொல் இல்லை. ஆயினும், கொல்கத்தா நீதிமன்றங்களுக்கே அதிகாரம் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் ஒன்றைத் தரப்பினர் தேர்ந்துகொண்டால் மற்றவை விலகிவிடும். நாம் வாழும் ஊரில் வழக்காடும் வாய்ப்பு இப்படி ஒரே வரியில் போய்விடலாம்.

சச்சரவு எழுந்தால் முதலில் கணக்குக் கேட்டுப் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் எழுதுக. ஆர்டர் நகல், பட்டியல், கடிதம் அனைத்தையும் பாதுகாக்க. தொகை உரியதான நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும். அடுத்த மாதம் தருகிறோம் என்ற வாய்ச்சொல் அக்கெடுவை நீட்டாது. கெடுவுக்குள் கையொப்பமிட்டுக் கடனை ஒப்புக்கொண்ட கடிதம் நீட்டும். 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்கானால், அவசர நிவாரணம் கோரும் நிலை தவிர, முதலில் சமரச மத்தியஸ்தத்தை நாடுவது கட்டாயம்.

ஒப்பந்தம் நமக்குப் புரியாத மொழியில் இருப்பின், அறிந்த ஒருவரிடம் வரிக்கு வரி பொருள் கேட்போம். படிக்கவில்லை என்ற காரணம் பிறகு நம்மைக் காப்பது அரிது.