மலை ஏறி இறங்கினால் மாரத்தான் கைகூடுமா?



"மாரத்தான் ஓடப் போறியா? முதல்ல ஒரு மலை ஓட்டத்துல கலந்துக்க. அப்புறம் எல்லாம் தானா வந்துடும்" என்று யோசனை சொல்பவர்கள் இப்போது நிறையப் பேர். இந்த யோசனை பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் மலைக்குப் போனால் முழங்கால் கெட்டுப்போகும். நம்மில் பலர் காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் ஓடிப் பழகுகிறவர்கள். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் கால் மக்கர் செய்தால் ஒரு வருடமே வீண். ஆகவே விஷயத்தை முழுசாகப் பார்த்துவிடுவோம்.

மாரத்தான் தூரம் 42.195 கி.மீ. திண்டிவனத்தில் பஸ் ஏறி, நம்ம கிளியனூர் வழியாகப் புதுச்சேரி போய் இறங்குகிறோமே, அதைவிடக் கொஞ்சம் அதிகம். நம்ம பக்கம் வயலும் ஏரியும் சவுக்குத் தோப்பும்தான். சாலை பெரும்பாலும் சமதளம். சமதளத்தில் ஓடப்போகிற மாரத்தானுக்கு மலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

செய்து காட்டியவர்கள்

நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். ஆக்லாந்து அருகே வைடாகெரே மலைத்தொடரில் 22 மைல், அதாவது சுமார் 35 கி.மீ. மேடுபள்ளமான பாதையில் தம் சீடர்களை ஓடவிட்டார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்களில் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றனர். பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். 800 மீட்டர்காரருக்கும் மாரத்தான்காரருக்கும் ஒரே மலைப்பாதை!

நம் நாட்டில் இதற்குப் பொருத்தமான உதாரணம் மகாராஷ்டிராவில் உள்ள சதாரா. 2012-ல் தொடங்கிய சதாரா மலை அரை மாரத்தான் 21 கி.மீ. தூரம். ஊரிலிருந்து யவதேஷ்வர் மலைப்பாதையில் ஏறி, அதே வழியில் திரும்பி இறங்க வேண்டும். வழக்கமாக ஆகஸ்ட் இறுதி அல்லது செப்டம்பரில் நடக்கும். மும்பை மாரத்தானும் சென்னை மாரத்தானும் ஜனவரியில். இடையில் ஏறக்குறைய நான்கு மாதம் இருக்கிறது அல்லவா? மலை ஓட்டத்தைப் பயிற்சியாக வைத்துக்கொள்கிறவர்களுக்கு இந்த இடைவெளிதான் பெரிய வசதி. ஏன் என்று பார்ப்போம்.

ஏற்றம்: ஒரு சின்னக் கணக்கு

முதலாம் ஆண்டு இயற்பியலில் படித்ததுதான். நிலையாற்றல் = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம். 60 கிலோ எடையுள்ள மாணவர் 300 மீட்டர் உயரம் ஏறினால், 60 × 9.8 × 300 = 1,76,400 ஜூல். இது சுமார் 42 கிலோ கலோரி. ஆனால் நம் உடம்பு என்ற எஞ்சினின் செயல்திறன் ஏறக்குறைய 25 சதவீதம்தான். எனவே செலவாவது 170 கிலோ கலோரிக்குப் பக்கம். சமதளத்தில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்குச் சுமார் 1 கிலோ கலோரி செலவாகும். அப்படிப் பார்த்தால், 300 மீட்டர் ஏறுவது என்பது கிட்டத்தட்ட 3 கி.மீ. கூடுதலாக ஓடியதற்குச் சமம்.

லாபம் என்ன? வேகம் குறைவாக இருக்கும்போதே இருதயமும் நுரையீரலும் நன்றாக வேலை செய்கின்றன. தொடை, பிட்டம், கெண்டைக்கால் தசைகள் பலப்படுகின்றன. வேகம் குறைவதால் பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியும் குறைவு. ஆக, ஏற்றம் நமக்கு நல்ல நண்பன். மூச்சுத்தான் வாங்கும்!

இறக்கம்: இங்கேதான் ஆபத்து

"ஏறுறதுதான் கஷ்டம், இறங்குறது சும்மா" என்று நினைக்கிறோம். மூச்சைப் பொறுத்தவரை அது சரி. தசையைப் பொறுத்தவரை நேர்மாறு. மலைப்பாதையில் லாரி இறங்கும்போது பிரேக் சூடேறுவதைப் பார்த்திருப்பீர்கள். நமக்கு முன்தொடைத் தசைதான் பிரேக். ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரத்தைத் தாங்கியபடியே அது இழுபட்டு நீள்கிறது. இதில் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். ஓடிய அன்றைக்குத் தெரியாது. அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்கு மாடிப்படி இறங்கவே முடியாது.

அமெரிக்காவில் 1897 முதல் நடக்கும் பாஸ்டன் மாரத்தானில் சுமார் 33-வது கி.மீ. பக்கம் 'ஹார்ட்பிரேக் ஹில்' என்றொரு மேடு உண்டு. மேடு அப்படியொன்றும் பெரிசில்லை. ஆனால் தொடக்கத்திலுள்ள இறக்கங்களில் சந்தோஷமாகப் பாய்ந்து தொடையைக் கெடுத்துக்கொண்டவர்கள் அந்த மேட்டில் தவித்துப் போகிறார்கள்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படி அடிபட்டுத் தேறிய தசை, அடுத்த முறை அதே பாரத்துக்கு அவ்வளவு சேதமடைவதில்லை. இந்தப் பாதுகாப்பு பல வாரங்களுக்கு நீடிக்கிறது. மாரத்தானில் 30 கி.மீ.க்கு மேல் தொடை இறுகிப் போகிறதே, அதைத் தாங்கும் பலம் இறக்கத்தில்தான் கிடைக்கிறது. ஆனால் தேறுவதற்கு நாள் வேண்டும். மலை ஓட்டம் முடிந்து இரண்டே வாரத்தில் மாரத்தான் என்றால், பலம் கிடைக்காது, காயம்தான் மிஞ்சும்.

எப்போது, எப்படி?

1. மலை ஓட்டத்துக்கும் மாரத்தானுக்கும் நடுவே குறைந்தது 6 வாரம் இருக்கட்டும். இரண்டு, மூன்று மாதம் இருந்தால் இன்னும் நல்லது. நீண்ட சமதள ஓட்டங்களை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

2. சமதளத்தில் 15 கி.மீ. நிதானமாக ஓட முடியாதவர்கள் மலைப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். கால் பழகட்டும், அவசரமில்லை.

3. ஏற்றத்தில் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் நாலு வார்த்தை பேச முடிகிற அளவில் ஓடுங்கள். முடியாவிட்டால் நடங்கள். நடப்பது அவமானமில்லை.

4. இறக்கத்தில் அகலக்கால் வைக்காதீர்கள். பின்னால் சாய்ந்து குதிகாலை ஊன்றவும் வேண்டாம். சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்று மடக்கி இறங்குங்கள்.

5. முடித்த பிறகு மூன்று நான்கு நாள் நடை மட்டும். இரண்டு வாரம் வரை வேக ஓட்டம் கிடையாது.

6. மலையில் ஓடிய நேரத்தை வைத்து மாரத்தான் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். அது வேறு, இது வேறு.

7. ஒரு மாதத்துக்குள் உடல்தகுதித் தேர்வு இருக்கிறதா? மலை ஓட்டத்தை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். "பணம் கட்டியாச்சே" என்று போக வேண்டாம். போனால் பணம்தான், கால் போனால் வேலையும் போச்சு.

மலை இல்லாத ஊரில்?

சதாராவுக்குப் போக எல்லோருக்கும் வசதி ஏது? பக்கத்திலேயே மயிலம் முருகன் கோவில் குன்று இருக்கிறது. கூட்டமில்லாத விடியற்காலையில், பக்தர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், வாரம் ஒருநாள் நாலைந்து முறை ஏறி இறங்கலாம். அதுவும் தூரமென்றால் ஏரிக்கரைச் சரிவு போதும். முதல் இரண்டு வாரம் ஓடி ஏறுங்கள், நடந்து இறங்குங்கள். மூன்றாம் வாரத்திலிருந்து இறக்கத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். செஞ்சிக் கோட்டைப் படிக்கட்டுகள் நடந்து ஏற மட்டுமே. அங்கே ஓட வேண்டாம், சறுக்கினால் எலும்பு முறியும். நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்கள் வெளுத்த சட்டை போட்டு, வண்டிகள் எதிரே வரும் பக்கமாக ஓடுங்கள்.

ஒர்க் ஷாப்பில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சுகிறோம்; பிறகு முறையாகக் குளிர வைத்தால்தான் அது உறுதியாகிறது. உடம்பும் அப்படியே. மலை நம்மைக் காய்ச்சும். உறுதியாக்குவது அதன் பிறகு வரும் ஓய்வு வாரங்கள்தான். காலண்டரைப் பார்த்து நாள் குறித்துவிட்டு மலை ஏறுங்கள், நண்பர்களே. ஜனவரியில் உங்கள் கால் உங்களுக்கு நன்றி சொல்லும்!