பிராண்டைவிட முக்கியம், கைப்பழக்கம்

அமெரிக்காவில் வேர்க்கடலை அலர்ஜி உள்ள குழந்தைக்கு டாக்டர் எழுதித் தருவது எபிநெஃப்ரின் ஊசி. நம்மூர் டாக்டர்கள் அட்ரினலின் என்று சொல்லும் அதே மருந்துதான். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரியும்போது முதலில் தர வேண்டியது இது. அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும்; அடைத்த தொண்டையைத் திறக்காது. 'மாத்திரை கொடுத்திருக்கிறோம், பார்க்கலாம்' என்று காத்திருப்பதுதான் பெரிய ஆபத்து.

மருந்து ஒன்றுதான், கருவிகள் பல. எபிபென்னில் நீல மூடியை நேராக இழுத்துக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் அழுத்தி 3 விநாடி பிடிக்க வேண்டும். உடுப்பின் மேலேயே போடலாம். பதற்றத்தில் தலைகீழாகப் பிடித்துத் தங்கள் கட்டைவிரலிலேயே குத்திக்கொண்டவர்கள் உண்டு. அட்ரினாக்ளிக்கில் இரு முனையிலும் மூடி. இரண்டையும் கழற்றியாக வேண்டும், 10 விநாடி பிடிக்க வேண்டும். ஆவி-க்யூ சட்டைப்பையில் அடங்கும். என்ன செய்ய வேண்டும் என்று வாய்விட்டே சொல்லும். மருந்தளவு சரியாக வராமல் போகலாம் என்று 2015-இல் திரும்பப் பெறப்பட்டு, 2017-இல் மறுபடி சந்தைக்கு வந்தது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கான 0.1 மில்லிகிராம் அளவு இதில் உண்டு. ஊசிக்குப் பயந்தவர்களுக்கு 2024-இல் நெஃபி என்ற மூக்கு ஸ்பிரே வந்திருக்கிறது.

விலைக் கதை வேறு. 2007-இல் மைலான் நிறுவனம் எபிபென்னைக் கையில் எடுத்தபோது இரண்டு ஊசி கொண்ட பெட்டி சுமார் 100 டாலர்; 2016-இல் 600-ஐத் தாண்டியது. பெற்றோர் கொதித்தார்கள், நாடாளுமன்றக் குழு நிறுவனத் தலைவரை அழைத்துக் கேள்வி கேட்டது. பிறகு அதே நிறுவனமே பாதி விலையில் ஜெனரிக் கொண்டுவந்தது. 2018-இல் டேவா நிறுவனத்தின் ஜெனரிக்குக்கும் அனுமதி கிடைத்தது. எபிபென் என்று எழுதிய சீட்டுக்கு இந்த ஜெனரிக்குகளைக் கேட்டு வாங்கலாம். அட்ரினாக்ளிக் ஜெனரிக் அதற்கு மாற்றாகாது. டாக்டரிடம் தனியாக எழுதி வாங்க வேண்டும். மலிவானது வேண்டுமென்றால் சீட்டு எழுதும்போதே கேட்டுவிடுங்கள். கடையில் கருவி மாறினால், எப்படிப் போடுவது என்று காட்டச் சொல்லுங்கள். பழகாத கருவியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். விலை குறைந்தாலும் கை பழகியதே நல்ல ஊசி என்பது என் கட்சி.

எந்த ஊசியையும் வெயிலில் நிற்கும் காரிலோ ஃபிரிட்ஜிலோ வைக்கக் கூடாது. ஊசி போட்டதும் 911-ஐ அழையுங்கள். ஆளைப் படுக்க வையுங்கள். 5 முதல் 15 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்தும் அலர்ஜி திரும்ப வரக்கூடும்.

பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இங்கிருந்து போகும் தாத்தா பாட்டிகளே, விமானம் இறங்கிய அன்றே அந்த வீட்டில் எந்தக் கருவி, எந்த அலமாரியில் என்று கேளுங்கள். ஊசி இல்லாத பயிற்சிக் கருவி இருந்தால் உங்கள் தொடையிலேயே நாலு முறை அழுத்திப் பாருங்கள்.